வாசலில் இறைத்த பச்சையரிசி

தைப்பொங்கலன்று காலை ஏழரை மணிக்குத்தான் பிழை தொடங்கியது. அகதிகளாய் வந்த எங்களுக்கு ஒஸ்லோவில் அது முதல் பனி மாரிக்காலம். ஊரில் செய்ததுபோல, அம்மா எங்கள் மாடிக் கட்டடத்தின் வாசற்கல்லில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார். பிறகு பானையைப் பார்க்க உள்ளே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட நான் வாசலில் கால் வைத்ததும் மல்லாக்க விழுந்தேன். கோலம் கண்ணாடிக்குள் மாட்டிய படம்போல உறைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடிவந்த அம்மாவுக்கு வரவில்லை.

“ஐயோ பிள்ளை, மேல்வீட்டுக் கிழவி! இப்ப அவ இறங்கிற நேரமெல்லே!”

அந்த நோர்வேக் கிழவி இலையுதிர் காலத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். ஊன்றுகோல்களோடு தினமும் பத்திரிகை வாங்கப் போவார். இன்னொரு தரம் விழுந்தால் எழும்பமாட்டார் என்று அப்பா சொல்லியிருந்தார்.

“ஓடிப்போய் மறிச்சுக்கொண்டு நில்! அவ விழுந்தாவெண்டால் எங்களையெல்லாம் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

ஒரு கிழவி விழுந்தால் எங்களை ஏன் அனுப்ப வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. படியேறிப் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். பள்ளியில் படித்த நோர்வேஜியச் சொற்களில் ‘இல்லை’ என்பது மட்டும்தான் பதற்றத்தில் வாய்க்கு வந்தது. கிழவி அதை விளையாட்டென்று எண்ணிவிட்டார். ஊன்றுகோலால் என் வயிற்றில் மெல்லத் தட்டிக்கொண்டு அவர் இறங்க, நான் பின்னோக்கி இறங்கினேன்.

கீழே அம்மா சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தார். வாசல் இன்னும் மினுங்கியது. பனியை உருக்கக் கறியுப்பு ஒரு பிடிதான் இருந்தது. கடைசியில் பொங்கலுக்கு வைத்திருந்த பச்சையரிசிப் பையைத் தூக்கிவந்து முழுவதையும் இறைத்தார். சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு சோறு மிஞ்சினாலும் ஏசுகிற அம்மா!

இன்று நானும் இரண்டு பிள்ளைகளின் தாய். நிலம் உறைந்த காலைகளில் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, “வெளியிலை இறங்காதேங்கோ” என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தேநீர் தொண்டையில் இறங்குகிறது.

அன்று கிழவி வாசலுக்கு வந்துவிட்டார். ஊன்றுகோல்களின் கீழ் அரிசி நொறுநொறுத்தது. வழுக்கவில்லை. மணல் தூவிய நடைபாதையில் ஏறி நின்று, திரும்பி ஏதோ கேட்டார். அம்மா படியில் குந்தியிருந்து சிரித்துக்கொண்டே அழுதார். அதுவும் எனக்கு விளங்கவில்லை. கிழவி கேட்டது மட்டும் விளங்கியது.

“அம்மா, உங்கடை நாட்டிலை பனிக்கு மணல் போடாமல் அரிசியோ போடுறவை எண்டு கேக்கிறா.”