உயிலில் ஏறாத சீர்

எனக்கு எழுபத்தி மூணு வயசு. நாலு பிள்ளைகளைப் பெத்து, நாலையும் ஆளாக்கினேன். யார் வீட்டு வாசலிலும் கையேந்த விட்டதில்லை. ரெண்டாவது வரைக்கும்தான் படிச்சேன். எழுத்தை ஒண்ணோட ஒண்ணு கூட்டித்தான் எழுதறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகுது. ஆகட்டும், எனக்கு அவசரமில்லை.

திருவொற்றியூரில் இப்போ நாங்க இருக்கிற இந்த வீட்டுக்கு முன்னாடி, கடலோரத்தில் ஒரு வீட்டில் இருந்தோம். எங்களுக்கு முன்னாடி மூணு வரிசை வீடு இருந்தது. மழைக்காலம் வந்தா கடல் ஒரு வரிசையைத் தின்னும். கடைசியில் எங்க முறை வந்தது. அடுப்பில் உலை கொதிக்கும்போதே கடல் பக்கத்துச் சுவர் விழுந்தது. நான் உலையைத் தூக்கிக்கிட்டு வெளியே ஓடி வந்தேன். அந்தச் சோத்தை ரோட்டோரம் மூணு கல்லைக் கூட்டி வடிச்சுப் பிள்ளைகளுக்குப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். அவர் முதுகும் என் கம்மலும் சேர்ந்துதான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இந்த இடம் வந்தது. பத்திரம் யார் பேருக்குன்னு கேட்டப்போ, "எங்கம்மா பேருக்கு"ன்னு அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அப்போ எங்க பக்கத்தில் அப்படித்தான். முதல் சொத்து அம்மா பேரில் வாங்கினாத்தான் ஆம்பளைக்கு அழகு. நானும் சந்தோஷமாத்தான் தலையாட்டினேன். மாமியார் காசிமேட்டில் கருவாடு வித்தவங்க. கைநாட்டு வெச்சதும் விரல் மையைத் துடைக்காம, தெருவில் எல்லாருக்கும் காட்டிக்கிட்டே வந்தாங்க. அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணிலேயே இருக்குது.

அவருக்குக் கூடப் பிறந்தது ஒரே தங்கச்சி. காத்திவாக்கத்தில் கட்டிக் கொடுத்தோம். பொங்கலுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை அண்ணன் சீர் கொண்டு போவார். புடவை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு. கரும்போட பஸ்சில் ஏறினா கண்டக்டர் கத்துவார். "யோவ், தோகைய உள்ள இழுய்யா, கண்ணக் குத்துது!" இவர், "தங்கச்சி சீருப்பா, ஒடைக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு, காத்திவாக்கம் வரைக்கும் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே நிப்பார். திரும்பும்போது பை நிறைய இறாலோட வருவார். அன்னிக்கு எங்க வீட்டு இறால் தொக்கு வாசம் தெருமுனை வரைக்கும் போகும்.

அவர் போய்ச் சேர்ந்த வருஷம் பொங்கல் வைக்கலை, சீரும் போகலை. அடுத்த வருஷம் என்னமோ விட்டுப்போச்சு. மூணாவது வருஷம் போக வெட்கமா இருந்தது. அப்படியே பத்து வருஷம் ஓடிப்போச்சு. தப்பு என்னுதுதான்.

போன வருஷம் பக்கத்துத் தெருவில் அப்பன் செத்த மறு வாரமே அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே கதவில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டாங்க. ஆத்தாக்காரி புடவை எடுக்கக் கூட உள்ளே போக முடியாம வாசலில் உட்கார்ந்திருந்தா. அதைப் பார்த்துட்டு வந்து எனக்குச் சோறு இறங்கலை. கண்ணு தெரியும்போதே உயில் எழுதிடணும்னு, பத்திரம் எழுதறவர்கிட்டே போனேன். கீழ்வீடு பொண்ணுங்க ரெண்டு பேருக்கு, மாடி பையனுங்க ரெண்டு பேருக்குன்னு சொன்னேன்.

அவர் பத்திரத்தைப் புரட்டிட்டு, "இது உங்க மாமியார் பேர்ல இருக்குதே. அவங்க காலத்துக்கப்புறம் அவங்க மகளுக்குப் பாதி பாத்தியம் உண்டும்மா"ன்னார்.

"ஈபி கார்டு எங்க வூட்டுக்காரர் பேர்ல கீதே?"

"கரண்டுதான் அவருது. வீடு இல்ல."

என் பிள்ளைங்க நாலும் அவங்கப்பா பாதியை என் பேருக்கு விட்டுக்கொடுத்துடும், அதில் பயமில்லை. நாத்தனார் கையெழுத்துப் போடலைன்னா, எனக்கப்புறம் என் பசங்களும் அவ பசங்களும் இந்தக் கதவிலும் பூட்டுப் போடுவாங்க. வேற வழியில்லாம காத்திவாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

வாசலில் உட்கார்ந்து இறால் உரிச்சுக்கிட்டிருந்தா. தலையைத் தூக்கலை.

"யாரு, திருவொத்தியூர் மகாராணியா? வழி தெரிஞ்சுதா?"

"பஸ்ஸு வருதே, ஏறுனேன்."

"பத்து வருஷமா பஸ்ஸு ஓடலியா?"

வந்த விஷயத்தை மறைக்காம சொன்னேன். உரிச்சுக்கிட்டே கேட்டா.

"பாதி வூடு கேப்பேன்னு பயமா அண்ணி?"

"பயந்தான்."

"கேட்டா இன்னா பண்ணுவ?"

"குடுப்பேன். உங்கம்மா வூடு. ஆனா நம்ம ரெண்டு பேரும் உசுரோட கீறப்பவே பேசி முடிச்சுக்கலாம்னு வந்தேன்."

அப்போதான் நிமிர்ந்து பார்த்தா. "எனக்கு உன் செங்கல்லு வாணாம். எங்கண்ணன் செத்துப் பூட்டான். அவனோட என் பொறந்த வூடும் பூடுச்சா? தெருவுல அத்தினி பேருக்கும் சீர் வருது. உனக்கு வரலியான்னு கேக்குறாளுங்க. அண்ணிக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு வருஷம் சொன்னேன். பேத்திக்கு அம்மை போட்டுகீதுன்னு ஒரு வருஷம் சொன்னேன். பத்து வருஷத்துக்கு எத்தினி பொய்யி சொல்றது நானு?"

பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரிக்க ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஐய, சதையெல்லாம் பிச்சி எறியிற. இத்தினி வயசாகியும் இறா உரிக்கத் தெரியல உனக்கு"ன்னா. அப்புறம், "எப்ப வரணும் ஆபீசுக்கு?"ன்னா.

எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. இறால் கையோட துடைக்கவும் முடியலை. "வர்ற பொங்கலுக்கு நானே சீர் கொண்டாறேன்"னேன்.

"நீ இருக்கிற வரைக்கும் சீர் வரும். நீ பூட்டேன்னா? உன் பசங்க செய்யுமா?"ன்னு கேட்டா.

"எழுதி வெக்கிறேன்மே."

பத்திர ஆபீசில் ஒரு சோதனை. மெஷினில் விரலை வெச்சா அவ ரேகை விழலை. காலமெல்லாம் இறால் உரிச்சு விரல் வழவழன்னு தேஞ்சிருக்குது. மூணு விரல் மாத்தியும் வரலை. "எங்கண்ணி வூடுய்யா, நல்லா பாரு"ன்னு அவளே அதட்டினா. சுண்டுவிரலில் விழுந்தது. அவ பாதியை எனக்கு விட்டுக்கொடுத்துட்டா. என் பிள்ளைங்க நாலும் கையெழுத்துப் போட்டுட்டாங்க.

அப்புறம் என் உயில். சீர் விஷயத்தையும் எழுதுங்கன்னேன். பத்திரம் எழுதறவர் சிரிச்சார். "கரும்பு வரலன்னு யாராவது கேஸ் போடுவாங்களாம்மா? வேணும்னா வீட்டுல தனியா எழுதி வெச்சிக்குங்க."

அதான் எழுதறேன். நான் இல்லாத காலத்தில் நாலு பிள்ளைங்களும் வருஷத்துக்கு ஒருத்தரா முறை வெச்சு அத்தைக்குச் சீர் கொண்டு போகணும். புடவை நூல் புடவையா இருக்கணும், அவளுக்கு மத்தது வேர்க்கும். போனில் காசு போட்டுட்டுக் கடமை முடிஞ்சதுன்னு உட்காரக் கூடாது. நேரில் போகணும், உட்காரணும், அவ வைக்கிற குழம்பைச் சாப்பிட்டுட்டு வரணும். அவ இங்கே வந்தா எத்தனை நாள் வேணும்னாலும் இருப்பா, எப்போ போறேன்னு யாரும் கேட்கக் கூடாது. பாதி வீட்டை விட்டவ அவ. இதுக்கு ஸ்டாம்பு இல்லை, சாட்சி இல்லை. கீழே என் கையெழுத்து இருக்குது.

பாட்டி எழுதி முடிச்சுட்டேன் பாப்பா, அந்த டிவியைக் கொறச்சிட்டு இங்கே வா. முதல்லேர்ந்து மெதுவாப் படி, எழுத்து எங்கேயாவது விட்டிருந்தா சொல்லு. அத்தைக்கு எழுதின இடம் வந்ததும் கொஞ்சம் சத்தமாப் படி. மாடியில் உங்கப்பன் இருக்கான்.