பதினோரு முறை மீட்கப்பட்டவர்

கழுத்திலிருக்கும் ஜெபமாலையை ரவிக்கைக்குள் தள்ளி, செருப்பைக் கழற்றி டீக்கடை பெஞ்சுக்கு அடியில் விட்டு, புடவைக் கொசுவத்தை முழங்காலுக்குக் கீழே ஓர் ஊக்கால் குத்திக்கொண்டு, தார்ச்சாலையோரம் மல்லாந்து படுக்கிறார் சவரியம்மாள். ஊக்கு அவருடைய சொந்த ஏற்பாடு. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது காற்றடித்து மானம் போய்விடக்கூடாது. கண்ணை மூடுவதற்கு முன் சுற்றிலும் ஒரு பார்வை பார்க்கிறார். மைக் வேலை செய்கிறதா, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் நிற்கிறது, போட்டோ எடுக்கிறவர் வந்துவிட்டாரா. திருப்தியானதும், "ம், ஊதச் சொல்லுங்க" என்கிறார். சைரன் ஊதுகிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எங்கள் பக்கம் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, வாய்க்கால் தூர்வாரப்படும் என்று அறிவிப்பு வரும். இரண்டு, பேரிடர் மீட்பு ஒத்திகை நடக்கும். முதலாவது அறிவிப்போடு சரி. இரண்டாவதற்கு ஷாமியானா உண்டு, பதாகை பிடித்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டு, ரப்பர் படகு உண்டு, வருகிற அதிகாரிக்குப் பொன்னாடை உண்டு. சிதம்பரத்திலிருந்து கடல் பக்கம் போகும் சாலையில் இருக்கிற நாணல்திட்டில் போன வருடம் வரை பதினோரு வருடங்களில் பதினோரு ஒத்திகை நடந்திருக்கிறது. பதினோரு முறையும் வெள்ளத்தில் சிக்கி, மயங்கி, மீட்கப்பட்டவர் சவரியம்மாள்தான்.

முதல் வருடம் இந்த வேடத்துக்கு வேறு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கியதும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மூன்று தடவை தூக்கி மூன்று தடவை இறக்கினார்கள். அந்த நேரம் பார்த்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு சாலையைக் கடந்த சவரியம்மாளைப் பிடித்துப் படுக்கச் சொன்னார் வருவாய் ஆய்வாளர் திருநாவுக்கரசு. இவர் சிரிக்கவில்லை. மூச்சுகூடச் சரியாக விடவில்லை. ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் பயந்துபோய் நிஜமாகவே நாடி பிடித்துப் பார்த்தாராம். அன்றைக்கு நியமனம் ஆனவர்தான்.

அதற்குப் பிறகு அவர் படாத பாடில்லை. ஒரு வருடம் கால் முறிந்தது. ஒரு வருடம் பாம்பு கடித்தது. ஒரு வருடம் மின்கம்பி உரசியது. ஐம்பத்திரண்டாவது வயதில் வயிற்றில் தலையணை கட்டி நிறைமாதக் கர்ப்பிணியாகப் படுக்க வைத்தார்கள். "எத்தனாவது மாசம்மா?" என்று ஆம்புலன்ஸ்காரர் பாடம் ஒப்பிக்கிற மாதிரி கேட்க, "கவர்மெண்டு சொல்ற மாசந்தான் தம்பி" என்று கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார் சவரியம்மாள்.

இத்தனை வருட அனுபவத்தில் தொழில் கைவந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தீயணைப்பு வீரர்கள் தடுமாறினால், மயக்கத்தில் இருந்தபடியே உதடு அசையாமல் சொல்லிக்கொடுப்பார். "தலப்பக்கம் ஒசத்திப் புடி தம்பி. எனக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்குதுல்ல." விக்டிம், ரோப், பஸ்ட் எய்டு என்ற சொற்களெல்லாம் அவர் வாயில் உப்பு புளி மாதிரி புழங்கும். கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் என்ன வேலை என்று கேட்டபோது, "நூறு நாள் வேல, அஞ்சாறு ஆடு, வருசத்துக்கு ஒருக்கா விக்டிம்" என்றார். ஒரு டீ, ஒரு பிஸ்கட் பாக்கெட், மதியம் ஒரு தக்காளி சாதப் பொட்டலம், இவ்வளவுதான் கிடைக்கும். எதற்காக இந்த வேலை என்று ஒரு தடவை கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓட்டுப் போடக் கூப்புட்டா போறோம்ல? அது மாதிரிதான். அவுங்க கூப்புடுறப்ப நாம போவணும். நமக்கு ஒன்னுன்னா அவுங்க வருவாங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் முழுசாக நம்பினார். போன கார்த்திகை மாதம் வரைக்கும் நம்பினார்.

நாணல்திட்டு இரண்டு துண்டாக இருக்கிற ஊர். நடுவில் ஒரு வாய்க்கால். மேலண்டைப் பக்கம் தார்ச்சாலை, டீக்கடை, அப்புறம் கூப்பிடு தூரத்தில் தூண்களின்மேல் நிற்கிற புயல் பாதுகாப்பு மையம். கீழண்டைப் பக்கம் இருபத்து மூன்று வீடுகள், அதில் ஒன்று சவரியம்மாளுடையது. இரண்டுக்கும் நடுவே இருந்த சிறு பாலம் பழைய வெள்ளம் ஒன்றில் போய்விட்டது. அதன் இடத்தில் ஊர்க்காரர்கள் ஒரு பனந்துண்டைப் போட்டு நடந்துகொண்டிருந்தார்கள். போன வருடப் புயலில் முதலில் போனது அந்தப் பனந்துண்டு.

இருபத்து மூன்று வீட்டு ஜனமும் அங்கிருந்த ஒரே மச்சு வீட்டு மாடியில் ஏறி இரண்டு நாள் நின்றார்கள். எதிரே பாதுகாப்பு மையம் நன்றாகத் தெரிந்தது. ஜெனரேட்டர் ஓடி, விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது. "உள்ள யாரு இருக்குறாங்கிற? மூனு நாயி. கால நீட்டிப் படுத்திருக்குது. நாங்க இங்க நனஞ்சிக்கிட்டு அதுங்களப் பாத்துக்கிட்டு நிக்கிறோம்" என்றார் சவரியம்மாள் பின்னால் என்னிடம். பக்கத்து வீட்டுச் சின்னம்மாளுக்கு மூச்சிரைப்பு. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து முதல் நாளே தீர்ந்துபோனது. மறுநாள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மாதா கோயில் திருவிழாவுக்குச் சோறாக்குகிற அண்டாவில் அவரை உட்காரவைத்து, நான்கு பேர் நீந்தித் தள்ளிக்கொண்டு போய் அக்கரை சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார். இன்றைக்கும் வானம் கறுத்தால் சின்னம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு அண்டா எங்கே இருக்கிறதென்று விசாரிக்கிறார்.

தண்ணீர் வடிந்ததும் சவரியம்மாள் கடலூருக்குப் பஸ் ஏறி மனு கொடுத்தார். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்ட்ரெச்சர் போகிற அகலத்துக்கு ஒரு நடைபாலம், அடுத்த மழைக்குள். மனு நான்கைந்து அலுவலகங்களில் ஊர்சுற்றிவிட்டு, ஆறாம் மாதம் பதிலோடு வந்தது. பதில் எழுதிய அலுவலகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே என் மனு ஒன்றும் கிடக்கிறது. சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற மகள் அனுப்பிரியா, செல்போனில் வந்த அந்தப் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"மேற்படி கிராமத்தில் நடைபெற்ற மீட்பு ஒத்திகைகளில், பாதிக்கப்பட்டவர் சராசரியாக இருபத்திரண்டு நிமிடங்களில் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளார். இது நாளிதழ்ச் செய்திகளாலும் உறுதியாகிறது. எனவே பாலத்துக்கான தேவை எழவில்லை எனத் தெரிவித்து மனு முடிவு செய்யப்படுகிறது."

சவரியம்மாள் இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம். கேட்டு முடித்ததும், "அடிப்பாவி, நா நல்லா படுத்ததுக்கு எனக்கே ஆப்பா?" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்த நாளிதழ்ச் செய்திகளை எழுதியவன் நான். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பதினோரு வருடமும் 'தத்ரூபமாகச் செய்து காட்டினர்' என்ற வரியை மாற்றாமல் எழுதினேன். 'இருபத்திரண்டு நிமிடங்களில்' என்பதையும் அவர்கள் கொடுத்த காகிதத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். ஒத்திகை எப்போதும் மேலண்டைப் பக்கம், டீக்கடை வாசலில்தான் தொடங்கும். ஜீப் அங்கேதான் நிற்கும், ஷாமியானாவும் அங்கேதான் போட வசதி. அங்கிருந்து பாதுகாப்பு மையத்துக்கு மெதுவாக நடந்தால் நான்கு நிமிடம். மீதிப் பதினெட்டு நிமிடம் வரவேற்புரை. இது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன் என்று நினைக்கும்போது கூசுகிறது.

இந்த வருடம் ஒத்திகைக்கு ஒரு வாரம் இருக்கையில் திருநாவுக்கரசு சவரியம்மாளைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். யாரையும் அதட்டத் தெரியாது. ஊர்க்காரர்கள் மறுபடி போட்டிருந்த பனந்துண்டில் பயந்து பயந்து காலை வைத்து வந்து சேர்ந்தார்.

"அந்தப் பதில நா எழுதல சவரியக்கா. நா நேரம் மட்டும்தான் எழுதி அனுப்புனேன்."

"நீங்க எழுதுன நேரத்த வச்சித்தான சார் அவுங்க எழுதியிருக்குறாங்க?"

"அது... மேல எப்புடி எடுத்துக்குவாங்கன்னு நமக்கு எப்புடித் தெரியும்? இந்த வருசமும் நீங்க ஒத்துழைப்பு குடுக்கணும்."

"குடுக்காம எங்க போறேன்? குடுக்குறேன்."

ஒத்திகை நாளன்று பத்து மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பெரிய அதிகாரி வந்து நாற்காலியில் அமர்ந்தார். டீக்கடை வாசலில் விரித்திருந்த தார்ப்பாய் மட்டும் காலியாக இருந்தது. திருநாவுக்கரசு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போன் போட்டார். பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கக்கா இருக்கீங்க? எல்லாரும் வந்துட்டாங்க!"

"வூட்லதான் சார் இருக்கேன்."

"வூட்லயா? இங்கதான படுக்கணும்?"

"வெள்ளம் வர்றப்ப நா என்னா டீக்கடையிலயா குந்தியிருப்பேன்? வூட்லதான இருப்பேன். வந்து தூக்குங்க. மயக்கமா இருக்கேன், ஜாஸ்தி பேசக்கூடாது." போன் அணைந்துவிட்டது.

பெரிய அதிகாரி சிரித்தார். "நல்லதுதானே, ரியலா இருக்கட்டுமே" என்றார். பாவம், வாய்க்கால் இருப்பது அவருக்குத் தெரியாது. பத்து நாற்பதுக்குச் சைரன் ஊதியது.

மேலே எங்கோ மதகு திறந்திருந்ததால் வாய்க்காலில் நெஞ்சளவு தண்ணீர் ஓடியது. பனந்துண்டின் மேல் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு போகிற வித்தை யாருக்கும் தெரியவில்லை. ரப்பர் படகை இறக்கினார்கள். ஐந்தடி போவதற்குள் ஆகாயத்தாமரை மோட்டாரைச் சுற்றிக்கொண்டது. ஜீப்பில் ஏழு கிலோமீட்டர் சுற்றிக் கரைமேல் போன குழு, சேற்றில் ஜீப்பை விட்டுவிட்டு ஜீப்பை மீட்க ஆள் கேட்டுப் போன் செய்தது. கடைசியில் அன்பரசு என்ற தீயணைப்பு வீரர் படகை இழுக்கும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தி அக்கரை ஏறி, "யாருகிட்டயாவது அருவா இருக்குதாம்மா?" என்று கேட்டார். கொண்டுவந்திருந்த நவீனக் கருவிகளில் அது இல்லை. சின்னம்மாள் தன் வீட்டு அரிவாளை எடுத்துக் கொடுத்தார். அன்பரசு ஆகாயத்தாமரையை அறுத்துக்கொண்டே வந்து படகுக்கு வழி செய்தார். நான் பார்த்த பதினோரு ஒத்திகையில் நடக்காத உண்மையான மீட்பு வேலை அதுதான்.

இந்தப் பக்கம் நிகழ்ச்சி நிரலை நிறுத்த முடியாதல்லவா? வரவேற்புரை முடிந்தது. சிறப்புரை முடிந்தது. இரண்டு தடவை டீ வந்தது. "ஒத்திகையை வெற்றிகரமாக முடித்துக் கொடுத்த அனைவருக்கும்" என்று நன்றியுரையும் முடிந்தது. மீட்கப்பட வேண்டியவர் மட்டும்தான் பாக்கி. பெரிய அதிகாரிக்கு வேறு ஊரில் வேறு நிகழ்ச்சி. சாயங்காலத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

சவரியம்மாள் வீட்டு வாசலில் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாராம். யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரோடு படகில் ஏற்றிக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பாதுகாப்பு மையத்தின் படியேறி உள்ளே இறக்கியபோது மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு. அதன் பிறகுதான் கண்ணைத் திறந்தார். முதலில் அன்பரசைப் பார்த்து, "சளி புடிச்சிக்கும், தலையத் தொவட்டு தம்பி" என்றார்.

திருநாவுக்கரசு படிவத்தை நீட்டினார். மீட்கப்பட்டவர் கையெழுத்துப் போடவேண்டிய படிவம் அது. பதினோரு வருடமும் படிக்காமல் போட்டிருக்கிறார். இந்த முறை உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். 'மீட்க ஆன நேரம்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"கையெழுத்து மட்டும் போடுங்கக்கா. நேரத்த நா அப்பால பாத்துப் போட்டுக்குறேன்."

"பாக்குறதுக்கு என்னா சார் இருக்குது? சங்கு ஊதுனது பத்து நாப்பது. எனக்கே கேட்டுச்சி."

"இல்லக்கா. ஸ்ட்ரெச்சர்ல ஏத்துனதுலேர்ந்து கணக்கு வச்சா இருவத்தஞ்சி நிமிசத்துல வந்துடும். வம்பில்லாம போயிடும் பாருங்க." சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருநாவுக்கரசின் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சவரியம்மாள் தானே எடுத்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, ஒவ்வொன்றும் கட்டத்தை முட்டிக்கொண்டு நின்றது. '1 மணி 52 நிமிடம்.' கீழே தன் பெயரை எழுதினார். திருநாவுக்கரசு பேனாவுக்குக் கை நீட்டினார். சவரியம்மாள் கொடுக்கவில்லை. மறுபடி குனிந்து, நிமிடம் என்ற சொல்லின் கடைசி எழுத்திலிருந்து கட்டத்தின் ஓரம் வரை, மிச்சமிருந்த வெள்ளை இடத்தில் வேறு யாரும் எதையும் எழுத முடியாதபடி அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.