பூட்ஸ் பார்க்க வேலூர் போனோம்

ஆம்பூரிலிருந்து வேலூருக்கு டாக்கிப் படம் பார்க்கப் போகிறவர்களுக்கு இது உபயோகப்படும். எனக்கும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும், மனசு ஆறவில்லை.

நான் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் கணக்கெழுதும் ரைட்டர். முனுசாமி அங்கேயே சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறப்போடுகிறவன். பதினைந்து வருஷமாக அவன் கைபட்ட தோலெல்லாம் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகிறது. கடற்கரை ஊரில் நடக்கிற இங்கிலீஷ் சிரிப்புப் படம் வேலூரில் ஓடுகிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டான்.

"ரைட்டரே, என்னையும் இட்டுனு போங்க. நம்ம தோலுல தெச்ச பூட்ஸ அந்த தொரைங்க காலுல ஒரு தபா பாத்துடணும்."

வெள்ளிக்கிழமை ஷாப் லீவு. பதினொன்றரைக்கு மோட்டார் பஸ், முப்பது மைல், ஆளுக்குப் பத்தணா. பள்ளிகொண்டாவில் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நின்றும், இரண்டு மணிக்கெல்லாம் வேலூரில் இறங்கிவிட்டோம். இரண்டரைக்கு ஆட்டம். கொட்டகை பத்து நிமிஷ நடை.

எனக்குத்தான் புத்தி கெட்டுப்போயிற்று. பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டது உறுத்திக்கொண்டே இருந்தது. முனுசாமி விடியற்காலையில் சீயக்காய் தேய்த்து இரண்டு தரம் குளித்துவிட்டுத்தான் வந்தான், பாவம். குழி வாடை குளித்தால் போகிற வாடையா? கொட்டகையில் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று, அத்தர் வாங்கிப் பூச அவனைக் கடைத்தெருவுக்கு இழுத்துப் போனேன்.

"நேரமாய்டப் போவுது ரைட்டரே" என்று மூன்று தரம் சொன்னான்.

"சும்மா வாய்யா" என்றேன். கடைக்காரர் சீசா சீசாவாகத் திறக்க, நானும் பெரிய நவாபு மாதிரி முகர்ந்துகொண்டு நின்றேன்.

அத்தர் பூசிக்கொண்டு கொட்டகைக்குள் நுழையும்போது மூன்றேகால். நாலணா பெஞ்சு. திரையில் கடல், மணல், ஆணும் பெண்ணுமாக நூறு பேர். ஒருத்தர் காலிலும் ஒன்றுமில்லை! குண்டு ஆசாமி ஒருவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அலைக்குப் பயந்து ஓடினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முனுசாமி கழுத்தை நீட்டிக் கால்களையே தேடினான்.

"இன்னா ரைட்டரே, அல்லாரும் வெறுங்காலு?"

இடைவேளையில் பக்கத்து பெஞ்சுக்காரரைக் கேட்டேன்.

"மொதல்லயே வந்திருக்கணும் சார். ரயில்லேர்ந்து எறங்குறாங்க பாருங்க, பூட்ஸா காமிக்கிறான். பளபளன்னு!"

முனுசாமி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பிறகு கடைசிவரை படத்தில் யாரும் மணலை விட்டு வரவில்லை. ராத்திரி ஆட்டத்துக்கு இருக்கலாமென்றால் கடைசி பஸ் ஆறு மணிக்கு. மறுநாள் படமும் பெங்களூருக்குப் போகிறது. திரும்புகிற வழியெல்லாம் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

போகிறவர்கள் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடியுங்கள். இறங்கியதும் நேரே கொட்டகைக்குப் போய்விடுங்கள். கடைத்தெருவெல்லாம் ஆட்டம் விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை குழியோரம் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாப்பா, பாத்தியா நம்ம தோல?"

முனுசாமி என் பக்கம் ஒருதரம் திரும்பினான்.

"பாக்காம? அத்தினி காலுலயும் நம்மளுதுதான். ரைட்டரு ஒவ்வொண்ணா காமிச்சாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.