சொதி என்று நினைத்து ஊற்றினேன்

சென்ற வருடம் ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை மதியம், மெல்பேர்னின் தென்கிழக்கே உள்ள ஸ்பிரிங்வேலில் நடந்தது இது. நாங்கள் இருப்பது நகரத்தின் வடக்கு முனையில், கிரெய்கிபர்னில். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கார் ஓட்டிப் போனது வாழையிலைக்காக. ஆவணியில் எங்கள் ஒரே மகளுக்குத் திருமணம். கிழியாத நல்ல இலை வேண்டுமென்றால் ஸ்பிரிங்வேலுக்குத்தான் போகவேண்டும் என்று கோவிலில் சொன்னார்கள். தொலைபேசியிலேயே ஓடர் கொடுக்கலாம். ஆனால் கண்ணால் பார்க்காத சாமானுக்கு நான் ஓம் சொல்வதில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகத்திலும், பிறகு இங்கே ஒரு நகரசபைக் கந்தோரிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு நாட்டிலும் வேலை ஒன்றுதான். எந்த அலுவலுக்கு எந்தப் படிவம், எந்த யன்னல், யாருடைய கையெழுத்து என்று வருகிறவர்களுக்குச் சொல்வது; அவையில்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது. இரண்டாவதைத்தான் நான் நன்றாகச் செய்தேன் என்று கூட வேலை செய்தவர்கள் பிரியாவிடையில் சொன்னார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆகவே என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தபோது எங்கள் வீட்டில் எதுவும் முறை தவறி நடக்கவில்லை. அம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, பயிற்சிகள், குளியலறைச் சுவரில் கைபிடி, ஊனமுற்றோர் இடத்தில் கார் நிறுத்த நீல அட்டை, எல்லாம் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தன. கால் ஓரளவு தேறியது. கைத்தடியோடு தானாக நடந்தார். பேச்சு மெதுவாகவும் கொழகொழவென்றும் வந்தாலும் புரிந்தது. நிமிர்ந்து இருந்து சின்னச் சின்ன வாயாக எடுத்தால் எதையும் சாப்பிடலாம் என்று விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் எழுதியே தந்துவிட்டாள். தேறாமல் நின்றது வாயின் வலது ஓரம் மட்டும்தான். அங்கே உணர்வில்லை. சாப்பிட்டது அதன் வழியாக வழியும். வழிவது அவருக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத் தெரியும்.

அதற்கும் நான் ஒரு முறை வைத்திருந்தேன். கைப்பையில் எப்போதும் டிஷ்யூ. இரண்டு வாய்க்கு ஒரு தடவை, "ஆடாமல் இருங்கோ" என்று சொல்லி, வாயோரத்திலும் நாடியிலும் ஒற்றி எடுத்துவிடுவேன். வீட்டிலும் அப்படித்தான், நாலு பேர் கூடிய இடத்திலும் அப்படித்தான்.

பிறகு அவர் வெளியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கோவிலில் அன்னதானத்துக்கு முன்பே வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். சிநேகிதர் வீடுகளில் பசியில்லை என்றார். முந்தி, பந்தியில் முதலாவதாகப் போய் இருந்து, கத்தரிக்காய்க் குழம்புக்குப் புளி கூடிப்போனதைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு விரிவுரையே நடத்தக்கூடிய மனிதர் அவர். இப்போது வீட்டில்கூடக் குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சாப்பிட்டார். மகளின் திருமணத்துக்கு நாள் வைத்ததும் ஒரு அறிவித்தல் விடுத்தார்.

"தாரை வார்க்கிறன். படத்துக்கு நிக்கிறன். சாப்பாட்டுக்கு நிக்கமாட்டன். ஆரும் என்னை வீட்டிலை கொண்டுபோய் விடுங்கோ."

சம்பந்திப் பகுதி வந்து இருக்கிற மேசையில் பெண்ணின் தகப்பன் இல்லை என்றால் என்ன கதை வரும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மகள் அதற்குமேல் போனாள்.

"அப்பா இல்லாட்டி எனக்கு லஞ்சே வேண்டாம். கான்சல் பண்ணுங்கோ. ஐ மீன் இற்" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே அழுதுகொண்டிருந்தாள் என்பது கதவுக்கு வெளியே நின்ற எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் தெரியாத மாதிரி இருந்தோம். இந்த அலுவலுக்கு எந்த யன்னலில் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்பிரிங்வேலுக்கு வந்தாலும் வழக்கம்போல அவர் காரில்தான் இருந்தார். நான் இலையைப் பார்த்து, தடவி, ஓடர் கொடுத்துவிட்டு வந்தபோது காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சாரும், எனக்கு அவசரம்."

பொது மலசலகூடத்தின் வாசலில், கழுவிக்கொண்டிருக்கிறோம் என்று மஞ்சள் பலகை வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தது ஒரு ஒடுக்கமான ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை. வாசலில் பாதி உயரத்துக்குத் துணி தொங்கியது. உள்ளே, மலசலகூடம் வாடிக்கையாளருக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. எழுதி வைத்த ஒன்றை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை. சாப்பிட வந்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லி அவரை உள்ளே அனுப்பிவிட்டு, சுவரில் இருந்த படங்களைப் பார்த்தேன். ராமென் என்று சூப்பில் மிதக்கும் நூடுல்ஸ் பல இருந்தன. ஒன்றில் மட்டும் நூடுல்ஸ் தனியாகவும் சூப் ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாகவும் இருந்தது. எனக்கு அது இடியப்பமும் அதன்மேல் ஊற்றுகிற தேங்காய்ப்பால் சொதியுமாகத் தெரிந்தது. மாடும் பன்றியும் இல்லைத்தானே என்று கேட்டேன். கோழியும் மீனும் என்றாள் கடைக்காரி. என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. அடுப்படியில் நின்றவர் அவளுடைய கணவராக இருக்கவேண்டும். அவள் சொல்வதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு தரச் சொன்னேன்.

என்னவர் திரும்பி வந்தபோது நான் கதிரையில் இருந்தேன்.

"என்ன இருக்கிறீர்? போவம்."

"ஓடர் குடுத்தாச்சு."

"ஆரைக் கேட்டு?"

"அறிவித்தலைக் கேட்டு. அங்கை எழுதிக் கிடக்குது, பாருங்கோ."

"அப்ப நீர் சாப்பிடும். நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தார். கடை முழுக்க ஒரே ஒரு நீள மேசைதான். ஆளோடு ஆள் முழங்கை முட்ட இருந்து சாப்பிட்டார்கள்.

கடைக்காரி கழுத்தில் கட்டுகிற வெள்ளைக் கடுதாசி ஏப்ரன் இரண்டைக் கொண்டுவந்தாள். அவருடைய முகம் கறுத்தது. தன் வாயைப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்களிடம் சொந்தத் துணி இருக்கிறது என்று என் கந்தோர் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அந்நேரம் பக்கத்தில் இருந்தவர் எங்கள் பக்கம் திரும்பினார். வீதி வேலை செய்கிறவர், செம்மஞ்சள் மேலங்கி. அதன்மேல் அதே வெள்ளை ஏப்ரன். அதில் மண்ணிறப் பொட்டுகள். அவருக்கு அப்பால் கந்தோர் உடையில் ஒரு பெண். அவள் கழுத்திலும் அதுதான். பல்வைத்தியரிடம் வந்து வரிசையில் காத்திருப்பவர்கள் மாதிரி எல்லோரும் கட்டிக்கொண்டு இருந்தார்கள். எல்லோரும் உஸ்ஸ் என்று சத்தம் போட்டு இழுத்து உறிஞ்சினார்கள். எங்கள் ஆட்கள் மத்தியில் என்றால் எழும்பிப் போகச் சொல்லியிருப்பார்கள்.

"நல்ல சாப்பாடு, மேட்" என்றார் வீதி வேலைக்காரர் என்னவரிடம். அவருடைய நாடியிலும் சூப் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

என்னவர் அந்த நாடியைப் பார்த்தார். கடைக்காரி பின்னால் வந்து ஏப்ரனைக் கட்டியபோது தடுக்கவில்லை. எனக்கு வேண்டாம் என்றேன் நான். சிந்தாமல் சாப்பிடத் தெரிந்தவள் நான் என்பதை அவளுக்கு விளக்கமாகவே சொன்னேன். அவள் குனிந்து வணங்கிவிட்டு, அதை எனக்கு முன்னால் மேசையில் மடித்து வைத்தாள்.

சாப்பாடு வந்தது. மூங்கில் ஈர்க்கால் பின்னிய பாய் ஒன்றின்மேல் நூடுல்ஸ் சுருண்டு கிடந்தது. எங்கள் இடியப்பத் தட்டேதான். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் கூழ் மாதிரித் தடித்த சூப். சொதியை இவ்வளவு கஞ்சத்தனமாகத் தருகிறார்களே என்று நினைத்துக்கொண்டு கிண்ணத்தைத் தூக்கினேன்.

"இஞ்சாரும், அது..." என்று தொடங்கினார் அவர்.

அவருடைய பேச்சு மெதுவானது. வசனம் முடியும் முன் கிண்ணம் முடிந்துவிட்டது.

இடியப்பத் தட்டில் சொதியை ஊற்றினால் அடியால் ஓடும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆயிரம் தடவை இடியப்பம் அவித்தவள். ஆனாலும் ஊற்றினேன். சூப் பாயைத் தாண்டி, தட்டத்தைத் தாண்டி, மேசை விளிம்பால் என் மடிக்கு வந்தது. மறிக்கலாம் என்று கையைக் குறுக்கே வைத்தேன். நூடுல்ஸ் சறுக்கி விழுந்து மிச்சச் சூப்பை என் வெள்ளைச் சட்டையிலும் முகத்திலும் அடித்தது. உறிஞ்சுகிற சத்தம் எல்லாம் ஒரேயடியாக நின்றது.

அந்த அமைதியில் ஒரு சிரிப்புக் கேட்டது. ஒரு பக்கம் கோணி, மூச்சு வாங்கி, கண்ணால் தண்ணீர் வர என்னவர் சிரித்தார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பின் புதிய வடிவம் எப்படி என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு அவர் இடது கையால் என் கைப்பையைத் திறந்தார். டிஷ்யூ எந்த அறையில் இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்றை எடுத்து, மெதுவாக என் நாடியில் ஒற்றினார்.

"விடுங்கோ" என்று முகத்தைத் திருப்பினேன்.

"ஆடாமல் இரும்."

"ஆக்கள் பாக்கினம்!"

"ஓம்" என்றார். "பாக்கினம்தான்."

அவ்வளவுதான் சொன்னார். அதில் குத்தல் இல்லை. தகவல் சொல்கிற குரல்தான். மேசை முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைக்குத் துடைப்பதுபோல என் நாடியைத் துடைத்து முடித்து, கசங்கிய டிஷ்யூவை என் கையிலேயே வைத்தார். நான் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் பொத்திக்கொண்டு இருந்தேன்.

கடைக்காரி துணியோடு வந்தாள். அவள் சிரிக்கவில்லை. துடைத்தாள், புதுச் சூப் கொண்டுவந்தாள், மடித்து வைத்திருந்த ஏப்ரனை விரித்து, என்னைக் கேட்காமலே என் கழுத்தில் கட்டினாள். கொஞ்சமாக எடு, இதில் தோய், உறிஞ்சு என்று கையால் செய்து காட்டினாள். "சத்தம் பரவாயில்லை" என்றாள் ஆங்கிலத்தில்.

நான் கைப்பையில் இருந்த சின்னக் கத்தரிக்கோலால் அவருடைய நூடுல்ஸைக் குட்டையாக வெட்டிக் கொடுத்தேன். அதற்குமேல் என் கை அந்தப் பக்கம் போகவில்லை. அவர் நிமிர்ந்து இருந்து, கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தோய்த்துச் சாப்பிட்டார். வழிந்தது. ஏப்ரனில் விழுந்தது. வீதி வேலைக்காரருக்கும் விழுந்தது. எனக்கும் விழுந்தது, சிந்தாமல் அதைச் சாப்பிட வழியே இல்லை. கடைசியில் கடைக்காரி மிச்சச் சூப்பில் மெல்லிய சுடுசாறு ஊற்றிக் குடிக்கச் சொன்னாள். அவர் அதை வாய்வாயாக, கடை முழுக்கக் கேட்கக் குடித்தார்.

"உப்புக் கொஞ்சம் கூட" என்றார்.

எவ்வளவோ நாளைக்குப் பிறகு ஒரு சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன குறை அது.

கார் வடக்கே திரும்பியது. என் சட்டையில் மீன் மணத்தது.

"இஞ்சாரும்."

"என்ன?"

"வாழையிலை சொல்லியாச்சோ?"

"ஓம். சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

அவர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பினார். "எனக்கும் ஒண்டு சேத்துச் சொன்னீரோ?"

வீதியைப் பார்த்து ஓட்டவேண்டும் என்பதால் நான் அவர் பக்கம் திரும்பவில்லை. "முதலே சேத்துத்தான் சொன்னனான்" என்றேன். அது உண்மை.

ஆவணியில் திருமணம் நடந்தது. பந்தியில் என்னவர் சம்பந்திக்கு நேரெதிரே இருந்தார். பட்டுச் சட்டைக்குமேல் ஒன்றும் கட்டவில்லை. அது அவருடைய முடிவு. பருப்பும் நெய்யும் வழிந்தன. என் கை வழக்கப்படி கைப்பைக்குப் போனது. பாதியில் நிறுத்தி, இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். மகள் மணவறைச் சேலையோடு வந்து, அவர் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள். சம்பந்தி, மண்டபத்தில் கார் விட இடம் கிடைக்காததைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டே சாப்பிட்டார். என்னவர் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றி அவருக்கு நீளமாக விளக்கினார்.

அந்த மேசையில் எடுத்த படத்தில் அவருடைய சட்டையில் ஒரு மஞ்சள் கறை தெரிகிறது. படம் எடுத்தவர் கணினியில் அதை அழித்துத் தரலாம் என்றார். வேண்டாம் என்றேன். இன்னும் என் கைப்பையில் டிஷ்யூ இருக்கிறது. அவர் கேட்டால் கொடுப்பேன். கேட்காமல் எடுக்கப் போகிற ஒவ்வொரு தடவையும், ஸ்பிரிங்வேலில் முன்பின் தெரியாத அத்தனை பேர் பார்த்திருக்க அவர் ஒற்றிய டிஷ்யூ பட்ட இடம், என் நாடியில், முதலில் எனக்குக் கூசுகிறது.