ஆர்லிஸின் வலது இடுப்பு

வெர்லீன் வீட்டுச் சோபாவில் ஆர்லிஸ் உட்காரவே மாட்டார். சமையலறை ஓரத்து மர நாற்காலிதான். ஆகஸ்ட் வெயிலிலும் மேல்கோட்டைக் கழற்றுவதில்லை. கரண்டி விழுந்தால் இடுப்பை வளைக்காமல், சர்ச்சில் மண்டியிடுகிறவர் மாதிரி நேராக இறங்கி எடுப்பார். கோட்டுக்கடியில் என்ன இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம்.

"அடுத்தவங்க வீட்ல அது கண்ணுல படக்கூடாது. கேட்டா பொய்யும் சொல்லக்கூடாது" என்பது அவருடைய சட்டம்.

கேஸ் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. நண்பன் ஹோயட் இறந்த பிறகும், ஞாயிறு சர்ச் முடிந்ததும் அவன் மனைவி வெர்லீன் வீட்டில்தான் சாப்பாடு. உறவென்று சொல்லிக்கொள்ள ஓக்லஹோமா மாநிலம் முழுக்க அவருக்கு அந்த ஒரு மேசைதான். பதினொரு வருஷமாகியும் அவளை "மேடம்" என்றுதான் அழைக்கிறார்.

இத்தனை ஒழுங்கு பேசும் யானைக்கும் ஈஸ்டரன்று அடி சறுக்கியது. கழிப்பறைக்குப் போனவர் வலது இடுப்பிலிருந்து பிஸ்டலைக் கழற்றி ஃப்ளஷ் தொட்டிமேல் வைத்தார். வைத்ததை மறந்து, வந்து இனிப்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்து உள்ளே போனது வெர்லீனின் பேத்தி ப்ரின்லி. நான்கு வயது.

"பாட்டி, ஆர்லிஸ் தாத்தா துப்பாக்கி உள்ள இருக்கு. நான் தொடல."

வெர்லீன் கத்தவில்லை. எழுந்து போய், பிஸ்டலைத் துண்டில் சுற்றியும் தோட்டாக்களை ஜாம் பாட்டிலில் போட்டும் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

"நீங்க எப்பவும்போல வாங்க. இது வர வேண்டாம்."

எட்டு ஞாயிறு அவர் போகவில்லை. "என்னப்பா, ஞாயித்துக்கிழமை சாப்பாடு டப்பா மீனுதானா?" என்று தீவனக் கடையில் சீண்டினார்கள். சிரித்து மழுப்பினார். இருபத்திரண்டு வருஷமாக அது இல்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை. ஆனால் தடுத்தது அதுவல்ல, வெட்கம். பாவம், மனிதர் இளைத்தே போனார்.

கடைசியில் வெர்லீனே போன் செய்தாள். "கோழி பொரிச்சு வச்சிருக்கேன். வரப்போறீங்களா, இல்ல நாய்க்குப் போடவா?"

"அவ தொட்டிருந்தா என்ன ஆயிருக்கும் மேடம்?"

"எனக்கும் அதே நினைப்புதான், தூக்கம் இல்ல. அதுக்காக உங்களை விட்ருவேனா? வாங்க."

ஒன்பதாம் ஞாயிறு கோட்டில்லாமல் வந்து நின்றார். பிஸ்டலுக்கு இடம்விட்டு இரண்டு அங்குலம் பெரிதாக வாங்கிய கால்சட்டை, பெல்ட்டை எவ்வளவு இறுக்கியும் நழுவிக்கொண்டே இருந்தது. கதவைத் திறந்ததும் ப்ரின்லி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

ஆர்லிஸ் இடது கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டார். குனிந்து, வலது கையால் அவளை வாரி எடுத்து, இத்தனை வருஷம் எந்தக் குழந்தையையும் வைக்காத வலது இடுப்பில் உட்காரவைத்துக்கொண்டார்.