பன்னிரண்டு கட்டங்களும் ஒரு பாலிசியும்

இந்த நாட்டில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் அடையாள அட்டை எண்ணுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். என் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பதோ எட்டே எழுத்துகள். மீதி நான்கை என்ன செய்வது என்று, கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஐந்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "விடுங்கக்கா, பரவால்ல லா" என்கிறார்கள் கவுன்டரில். இங்கே பிறந்த என் மூன்று வயது மகனுக்குப் பன்னிரண்டும் நிரம்பிவிடுகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டங்கள் வீட்டுக்கே வந்தன. என் கணவர் செல்வா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். கன்டெய்னர் லோரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் போய்வருபவர். கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆயுள் காப்புறுதியில் பணம் பெறுபவராகத் தன் அம்மாவின் பெயரைப் போட்டிருந்தார். அவருக்கு ஏதாவது ஆனால் என் விசாவும் அவரோடு போய்விடும். கையில் குழந்தை மட்டும் மிஞ்சும். இதை நினைத்துச் சில மாதங்கள் தவித்தேன். இப்படி நினைப்பதே பாவமோ என்று இன்னும் சில மாதங்கள். கடைசியில் என் பெயரையும் மகன் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டேவிட்டேன்.

தஞ்சாவூரில் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட், "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா" என்று வாயைத் திறந்ததுமே அம்மா காபிகூடக் கொடுக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார். இங்கே வந்த ஏஜென்ட் அங்கிளோ தோசையைப் பிட்டபடியே, "செல்வா போயிட்டாருன்னு வெச்சுக்குங்க ஆன்டி" என்று என் மாமியாரிடம் ஆரம்பித்தார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த செல்வா, "நான் இன்னும் இருக்கேன் லா அங்கிள்" என்றார். யாரும் பொருட்படுத்தவில்லை.

பழைய பெயரை எடுக்க அத்தை சம்மதித்துக் கையெழுத்திட வேண்டுமாம். சாட்சியும் ஒருவர் வேண்டுமாம். பணம் பெறுபவர் சாட்சியாக முடியாதாம். இதைக் கேட்டதும், அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத என் நாத்தனார், சாட்சிக்காக எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் சாட்சி போடமாட்டேன். பின்னால எம்பேரு வர வேண்டியிருந்தா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "தப்பா நெனைக்காதீங்க அண்ணி. காசு வந்தா பையனத் தூக்கிக்கிட்டு இந்தியா போயிருவீங்க."

"அங்க எனக்கு என்ன இருக்கு?" என்றேன், சமாதானமாகத்தான்.

"அப்ப இங்க காசுக்குத்தான் இருக்கீங்களா?"

அத்தை பேரனுக்குத் தோசை ஊட்டி முடித்தார். "காசு எனக்கெதுக்கு? கையெழுத்துப் போடறேன். ஒம் பாஸ்போர்ட்ட மட்டும் எங்கிட்ட குடுத்துரு மா. பத்திரமா வெக்கிறேன்."

எண் எழுதுவதற்காக எடுத்த பாஸ்போர்ட் மேசைமேலேயே இருந்தது. கொடுத்துவிட்டேன். படித்தவள் செய்யும் காரியமா? அவர் கேட்டது பயத்திலா, பாசத்திலா? இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அங்கிள் தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். என் நான்கு காலிக் கட்டங்களின் மேல் ஒரு கோடு இழுத்தார். இன்னொரு தோசை கேட்டார்.

நேற்று அம்மா தஞ்சாவூரிலிருந்து பேசினார். "பொங்கலுக்கு வர்றியாடி?"

"அத்தகிட்ட கேட்டுட்டுச் சொல்றேம்மா."

"மருமகள்னா இப்படித்தான் இருக்கணும்" என்று அம்மா பூரித்துப்போனார். அடுத்த அறையில் அத்தை பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அங்கே பட்டுப்புடவைகளுக்கு அடியில் செல்வாவின் பாலிசியும் என் பாஸ்போர்ட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. எது மேலே என்று எனக்குத் தெரியாது.