எட்டு மணிச் சங்கு

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த நூல் மில் கோவிந்தாபுரம் போகிற சாலையில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைலில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி மலையாளப் பக்கம் இருந்தது. காலை எட்டு மணிக்கு அதன் சங்கு ஊதினால் எங்கள் தெருவரைக்கும் கேட்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் மில்லைப் பூட்டினார்கள், சங்கும் நின்றது.

தொழிலாளி ஒவ்வொருவரிடமும் நம்பர் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று இருந்தது. வேலைக்குப் போனதும் கேட்டில் உள்ள பலகையில் அதை மாட்ட வேண்டும். பூட்டிய பிறகும் அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வேறு இடத்தில் சேர்ந்தால் பதினோரு வருஷ சர்வீஸ் போய்விடும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவருடைய தம்பியே வந்து கூப்பிட்டார். போகவில்லை. நான் கடலைக்காட்டில் களையெடுத்துத்தான் அடுப்பு எரிந்தது. மெஷின்களை லாரியில் ஏற்றிப் போனபோதுகூட, "புது மெஷின் வருது" என்று கூட்டாளிகளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜை வந்தால் எல்லோரும் போய்ப் பூட்டிய கேட்டுக்குச் சந்தனம் வைத்து, சூடம் கொளுத்திவிட்டு வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏனுங்க, செத்த மில்லுக்குப் பொட்டு வெச்சா எந்திரிச்சு நடக்குமுங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"சங்கு ஊதட்டும் புள்ள, அப்பறம் பேசு" என்றார்.

மூன்றாம் வருஷம் ஒரு காலை, எட்டு மணிக்குச் சங்கு ஊதியது.

பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்கவில்லை. பெட்டியைத் திறந்து காக்கிச் சட்டையை மாட்டினார். தோளில் தொளதொளவென்று தொங்கியது. "மில்லு தொறந்துட்டாங்க! சோத்தக் கட்டு புள்ள!" என்று கத்தினார். வீட்டில் பழைய சோறுதான் இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு முட்டை வாங்கிப் பொரித்து, தூக்குப்போசியில் வைத்துக் கொடுத்தேன். அவரை எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

மனம் கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். கேட் திறந்திருந்தது. பத்துப் பதினைந்து பேர் காக்கிச் சட்டையும் டோக்கனுமாக, பழைய வழக்கம் மாறாமல் வரிசையில் நின்றார்கள். டோக்கன் பலகையைக் காணோம். அந்த இடத்தில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே பெஞ்சும் மேசையும், நுரை தள்ளும் கள்ளுப் பானைகளும், ஓரத்தில் ரெக்கார்டு டான்சுக்கு ஒரு மேடையும் தெரிந்தன. அப்போதுதான் தமிழ்நாட்டில் கள்ளு, சாராயக் கடைகளை மறுபடி மூடியிருந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி வருவார்கள் என்று ஒரு காண்டிராக்டர் மில்லை வாடகைக்கு எடுத்துக் கள்ளு ஷாப்பு ஆக்கியிருந்தார்.

காண்டிராக்டருடைய ஆள் கும்பிட்டுக்கொண்டே வந்தார். "வாங்கண்ணா, வாங்க. சங்கு நல்லாக் கேட்டுதுங்களா? எல்லைக்கு அந்தப் பக்கம் கேக்கோணும்னுதான் ரிப்பேர் பண்ணி வெச்சமுங்க."

அந்த ஆளை அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பாவம், அவருக்கு என்ன தெரியும். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே போய், சிமென்ட் தரையில் இருந்த போல்ட் குழிகளைப் பார்த்துப் பார்த்துத் தன் மெஷின் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஊட்டுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஷிப்டு முடியட்டும் புள்ள" என்றார்.

நான் பொரித்துக் கொடுத்த முட்டையைக் கடித்துக்கொண்டு முதல் கிளாசைக் குடித்தார். அதற்கு முன் அவர் குடித்து நான் பார்த்ததில்லை.

மறுநாளும் சங்கு ஊதியது. அவரும் காக்கிச் சட்டையை மாட்டினார். கஞ்சிக்கோட்டுக்குப் போகச் சொல்லி அழுதேன், சண்டை போட்டேன், ஒரு மாதம் அம்மா வீட்டில் போய் இருந்தேன். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சோறு கட்டிக் கொடுக்கத் தொடங்கினேன். வெறும் வயிற்றில் குடித்தால் குடல் வெந்துவிடுமே. காட்டில் யாராவது "ஊட்டுக்காரர் எங்கீங்க?" என்று கேட்டால், தலை நிமிராமல் "மில்லுக்குப் போயிருக்காருங்க" என்பேன். கேட்டவர்களுக்கும் தெரியும்.

எழுபதுகள் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று காலையும் எட்டு மணிக்குச் சங்கு ஊதியது. நடுவீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நான் எழுந்து போய்த் தூக்குப்போசியைக் கழுவினேன்.